டோகோ: தூதரக வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட முதல் அதிபர்... 1963 கொலையும் இன்றுவரை தொடரும் குடும்ப ஆட்சியும்! பின்னணி என்ன?

மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் குட்டி நாடு டோகோ. 2025 மே 3ஆம் தேதி அந்நாட்டின் தலைவர் ஃபோர் நாசிங்பே ஒரு புதிய பதவியை ஏற்றார். பதவியின் பெயர் 'அமைச்சரவைக் குழுத் தலைவர்'. அதுவரை 'அதிபர்' என்ற பெயரில் அவர் கையில் இருந்த அதிகாரம் எல்லாம் இப்போது இந்தப் பெயருக்கு மாறிவிட்டது. அதிபர் பதவிக்கு எத்தனை முறை இருக்கலாம் என்று ஒரு வரம்பு இருந்தது. இந்தப் பதவிக்கு அது கிடையாது. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இருக்கும்வரை தொடர்ந்துகொண்டே இருக்கலாம்.

ஃபோர் நாசிங்பே 2005 முதல் ஆட்சியில் இருக்கிறார். அவருக்கு முன்பு 1967 முதல் 2005 வரை 38 ஆண்டுகள் ஆண்டவர் அவருடைய அப்பா எயாதேமா. ஆக, இன்று டோகோவில் 55 வயது ஆகிற ஒருவர் பிறந்ததிலிருந்து பார்த்தது இந்த ஒரு குடும்பத்தின் ஆட்சியை மட்டும்தான்.

அப்படியென்றால் அதற்கு முன்பு யார் இருந்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் 1963 ஜனவரி 13ஆம் தேதி அதிகாலையில் போய் நிற்கும். அன்றுதான் டோகோவின் முதல் அதிபர் சில்வானஸ் ஒலிம்பியோ, அமெரிக்கத் தூதரக வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒலிம்பியோ பெயர் சமூக வலைத்தளங்களில் அடிக்கடி சுற்றி வருகிறது. 'சொந்த நாணயம் கொண்டுவர நினைத்தார், பிரான்ஸ் போட்டுத்தள்ளியது' என்று ஒரே நிமிடத்தில் முடித்துவிடும் வீடியோக்கள் ஏராளம். இது எந்த அளவுக்கு உண்மை? விரிவாகப் பார்க்கலாம்.

டோகோ எப்படி உருவானது?

கானாவுக்கும் பெனினுக்கும் நடுவில், குச்சி மாதிரி நீளமாக இருக்கும் நாடு டோகோ. கடற்கரை வெறும் 56 கிலோமீட்டர்தான். தலைநகர் லோமே, கானா எல்லையை ஒட்டியே இருக்கிறது.

இந்தப் பகுதி முதலில் ஜெர்மனியின் காலனி. முதல் உலகப்போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டிலேயே பிரிட்டனும் பிரான்ஸும் இதைக் கைப்பற்றி, ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டன. மேற்குத் துண்டு பிரிட்டனுக்கு, கிழக்குத் துண்டு பிரான்ஸுக்கு. இதில் அதிகம் அடிபட்டவர்கள் எவே இன மக்கள். பேசும் மொழி ஒன்று, உறவுமுறை ஒன்று, ஆனால் நடுவில் ஒரு எல்லைக்கோடு. அண்ணன் ஒரு ஆட்சியில், தம்பி இன்னொரு ஆட்சியில் என்ற நிலை.

ஒலிம்பியோவின் அரசியல் தொடங்கியது இந்தக் கோட்டுக்கு எதிராகத்தான்.

யார் இந்த ஒலிம்பியோ?

1902 செப்டம்பர் 6ஆம் தேதி பிறந்தவர். பிரேசிலில் இருந்து ஆப்பிரிக்கக் கடற்கரைக்கு வந்து குடியேறிய வசதியான வணிகக் குடும்பம். 'ஒலிம்பியோ' என்ற போர்ச்சுகீசியப் பெயர் வந்ததும் அப்படித்தான். ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, எவே என்று பல மொழிகள் சரளமாகத் தெரியும்.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் படித்த பிறகு, யுனிலீவர் குழுமத்தைச் சேர்ந்த யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனியில் சேர்ந்தார். டோகோவில் அந்த நிறுவனத்தின் பொது மேலாளர் பொறுப்பு வரை உயர்ந்தார். ஒரு ஆப்பிரிக்கருக்கு அந்தக் காலத்தில் இது பெரிய பதவி. வரவு, செலவு, கையிருப்பு என்று கணக்குப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இங்கிருந்து வந்ததுதான். பின்னாளில் நாட்டையும் அதே கணக்கோடுதான் நடத்தினார். அது அவருக்குப் பலமாகவும் இருந்தது, ஆபத்தாகவும் முடிந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது பிரான்ஸில் ஜெர்மனிக்கு இணங்கிப்போன விஷி அரசு இருந்தது. பிரிட்டிஷ் கம்பெனியில் வேலை பார்க்கும், ஆங்கிலேயர்களோடு பழகும் ஒலிம்பியோ மீது அந்த அரசுக்குச் சந்தேகம். 1942இல் அவரைப் பிடித்து, இன்றைய பெனினில் உள்ள ஜூகூ என்ற ஊரில் காவலில் வைத்தது. வெளியே வந்தபோது பிரெஞ்சு ஆட்சி மீது இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் அவருக்குப் போயிருந்தது.

துப்பாக்கி இல்லாமல் ஜெயித்தது எப்படி?

இங்கேதான் ஒலிம்பியோ மற்ற விடுதலைத் தலைவர்களிடமிருந்து வேறுபடுகிறார். அவர் காட்டுக்குள் போய்ப் படை திரட்டவில்லை. பெரிய வேலைநிறுத்தம் எதையும் நம்பி இருக்கவில்லை. அவர் பிடித்துக்கொண்டது ஒரு சட்ட நுணுக்கத்தை.

டோகோ மற்ற நாடுகளைப் போல முழுமையான பிரெஞ்சு காலனி கிடையாது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அது ஐ.நா.வின் பொறுப்பாட்சிப் பகுதி. சிம்பிளாகச் சொன்னால், பிரான்ஸ் வெறும் காப்பாளர், மேலதிகாரி ஐ.நா. அதனால் டோகோ மக்கள் நேரடியாக ஐ.நா.வுக்கே மனு கொடுக்க முடியும்.

ஒலிம்பியோ அதைத்தான் செய்தார். 1947இல் நியூயார்க் போய், ஐ.நா. பொறுப்பாட்சி மன்றத்தின் முன் எவே மக்களை ஒன்றுசேர்க்க வேண்டும் என்று வாதாடினார். அந்த மன்றத்தின் முன் நேரில் நின்று பேசிய முதல் மனுதாரர்களில் அவரும் ஒருவர். அதன் பிறகு திரும்பத் திரும்பப் போனார். பிரான்ஸுக்கு இது தலைவலி. 1954இல் அவரைக் கைது செய்து, வாக்களிக்கவும் தேர்தலில் நிற்கவும் தடை போட்டது.

ஆனால் எவே மக்களை ஒன்றாக்கும் கனவு கைகூடவில்லை. 1956 மே மாதம் பிரிட்டிஷ் பகுதியில் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் பக்கத்து கோல்டு கோஸ்ட்டோடு சேர வாக்களித்தனர். அடுத்த ஆண்டு அதுதான் கானா என்ற சுதந்திர நாடானது. எல்லைக்கோடு நிரந்தரமானது.

மிச்சமிருந்த பிரெஞ்சுப் பகுதியில் பிரான்ஸ் தனக்கு வேண்டிய நிக்கோலா குருனிட்ஸ்கியைப் பிரதமராக்கியிருந்தது. இவர் ஒலிம்பியோவுக்குத் திருமண வழியில் உறவினர் என்பது கூடுதல் தகவல். ஐ.நா. விடவில்லை. தன்னுடைய மேற்பார்வையில் தேர்தல் நடத்தச் சொன்னது. 1958 ஏப்ரல் 27ஆம் தேதி தேர்தல். 'அப்லோடே', அதாவது எவே மொழியில் 'விடுதலை', என்ற முழக்கத்தோடு இறங்கிய ஒலிம்பியோ கட்சி ஜெயித்தது. சரியாக 2 ஆண்டுகள் கழித்து, 1960 ஏப்ரல் 27ஆம் தேதி டோகோ சுதந்திர நாடானது.

மேற்கு ஆப்பிரிக்காவில், பிரான்ஸின் விருப்பத்துக்கு மாறாக, வாக்குப்பெட்டி மூலம் ஆட்சிக்கு வந்த தலைவர் என்ற பெயர் ஒலிம்பியோவுக்குக் கிடைத்தது.

அதிபராக என்ன செய்தார்?

கறார் கணக்குதான். வரவுக்குள் செலவு. பிரான்ஸ் பணம் கொடுத்து பட்ஜெட்டை நிரப்பினால்தான் நாடு ஓடும் என்ற நிலை கூடாது என்பது அவர் கொள்கை. பாஸ்பேட் சுரங்கம், கொக்கோ, காபி ஏற்றுமதி ஆகியவற்றை வைத்துச் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்றார். பிரான்ஸை மட்டும் நம்பாமல் மேற்கு ஜெர்மனி, அமெரிக்கா பக்கமும் கை நீட்டினார். 1962 மார்ச் மாதம் வெள்ளை மாளிகைக்குப் போய் அதிபர் கென்னடியைச் சந்தித்தார்.

இன்னொரு பக்கம் கானா. அதன் தலைவர் குவாமே என்குருமா, டோகோவைக் கானாவோடு இணைக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார். ஒரு காலத்தில் எல்லைக்கோட்டை அழிக்கப் போராடிய ஒலிம்பியோ, இப்போது அதே கோட்டைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நிலை. பக்கத்து நாடு விழுங்கிவிடுமோ என்ற பயம் கடைசிவரை அவரை விடவில்லை.

நாணய விவகாரம் என்ன?

பிரெஞ்சு காலனிகளாக இருந்த நாடுகளில் 1945 முதல் புழக்கத்தில் இருப்பது சிஎஃப்ஏ பிராங்க். இதன் மதிப்பு பிரான்ஸ் நாணயத்தோடு கட்டப்பட்டிருந்தது. இன்று யூரோவோடு கட்டப்பட்டிருக்கிறது. ஒரு யூரோவுக்கு 655.957 சிஎஃப்ஏ பிராங்க். விலைவாசி தாறுமாறாக ஏறாது என்பது இதன் நன்மை. ஆனால் நாணயத்தின் மதிப்பை ஏற்றவோ இறக்கவோ அந்த நாடுகளால் தனியாக முடிவெடுக்க முடியாது. அன்னியச் செலாவணிக் கையிருப்பில் பெரும்பகுதியைப் பிரான்ஸ் கஜானாவில் வைக்க வேண்டும் என்ற விதியும் பல ஆண்டுகள் இருந்தது.

ஒலிம்பியோ இதிலிருந்து வெளியேறி, சொந்த மத்திய வங்கி, சொந்த நாணயம் வேண்டும் என்று நினைத்தார். மத்திய வங்கிக்கான சட்டம் 1962 டிசம்பரில் நிறைவேறியது. அடுத்த மாதமே அவர் கொல்லப்பட்டார். 1963 நவம்பரில் டோகோ, சிஎஃப்ஏ பிராங்க்கைப் பயன்படுத்தும் மேற்கு ஆப்பிரிக்க நாணய ஒன்றியத்தில் சேர்ந்தது. இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கும் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஒலிம்பியோ ஜனநாயகவாதியா?

வைரல் வீடியோக்கள் தொடாத பக்கம் இது. வாக்குப்பெட்டியால் ஆட்சிக்கு வந்தவர், வந்த பிறகு அந்தப் பெட்டியை மூடத் தொடங்கினார். 1961 ஏப்ரலில் நடந்த தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளர் பட்டியல் ஏற்கப்படவில்லை. ஒலிம்பியோ போட்டியே இல்லாமல் அதிபரானார். 1962 தொடக்கத்தில் தன்னைக் கொல்லச் சதி நடந்ததாகச் சொல்லி, எதிர்க்கட்சிகள் கலைக்கப்பட்டன. பல தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், சிலர் நாட்டை விட்டே போனார்கள். தன்னோடு நின்று போராடிய இளைஞர் இயக்கமான 'ஜுவென்டோ'வும் தப்பவில்லை.

இதன் விளைவு என்ன? செலவைக் குறைத்ததில் அரசு ஊழியர்களுக்குக் கோபம். தெற்கில் இருக்கும் கடலோர வணிகக் குடும்பங்களே எல்லாவற்றையும் ஆள்கின்றன என்று வடக்கு மக்களுக்கு வருத்தம். ஆனால் கோபத்தைக் காட்ட மேடையும் இல்லை, கட்சியும் இல்லை, தேர்தலும் இல்லை. 1963 ஜனவரியில் அவருக்கு ஆபத்து வந்தபோது தெருவில் இறங்கி அவரைக் காப்பாற்ற ஒரு கூட்டம் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

250 பேர் கொண்ட ராணுவம்

'நமக்கு எதற்கு ராணுவம்? அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டலாம்' என்பது ஒலிம்பியோவின் எண்ணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதலில் ராணுவமே வேண்டாம் என்று இருந்தவர், கடைசியில் சுமார் 250 பேர் கொண்ட ஒரு சிறு படைக்குச் சம்மதித்தார்.

பிரச்னை வெளியிலிருந்து வந்தது. இந்தோசீனா, அல்ஜீரியா போர்களில் பிரெஞ்சு ராணுவத்துக்காகச் சண்டை போட்ட டோகோ வீரர்கள் சில நூறு பேர், அல்ஜீரியப் போர் 1962இல் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். பெரும்பாலும் வடக்கில் உள்ள கபியே இனத்தைச் சேர்ந்தவர்கள். துப்பாக்கி பிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. 'எங்களை டோகோ ராணுவத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்டார்கள். ஒலிம்பியோ முடியாது என்றார். பட்ஜெட்டில் இடம் இல்லை என்பது ஒரு காரணம். நம் சொந்த ஆப்பிரிக்கச் சகோதரர்கள் விடுதலைக்குப் போராடியபோது பிரான்ஸுக்காக அவர்களைச் சுட்டவர்கள் என்ற வெறுப்பு இன்னொரு காரணம்.

திரும்பத் திரும்ப மனு கொடுத்தார்கள். பதில் மாறவில்லை. மனு கொடுத்துக் கொடுத்தே ஒரு நாட்டுக்கு விடுதலை வாங்கியவர், தன் மேஜைக்கு வந்த மனுவின் கனத்தை உணரவில்லை. அந்த வீரர்களை வழிநடத்தியவர்கள் எம்மானுவேல் போஜோலே, எத்தியேன் எயாதேமா என்ற இரு சார்ஜென்ட்கள்.

ஜனவரி 13: என்ன நடந்தது?

1963 ஜனவரி 12 நள்ளிரவு நெருங்கும் நேரம். வீரர்கள் லோமேயில் ஒலிம்பியோ வீட்டுக்குள் புகுந்தார்கள். அமைச்சர்கள் பலர் அவரவர் வீடுகளில் பிடிக்கப்பட்டார்கள். ஒலிம்பியோ வீட்டுக்குப் பக்கத்திலேயே அமெரிக்கத் தூதரகம். அவர் சுவர் ஏறிக் குதித்து அதன் வளாகத்துக்குள் போய், அங்கே நின்றிருந்த காருக்குள் ஒளிந்துகொண்டார். தூதரகக் கட்டிடம் பூட்டியிருந்தது.

தகவல் கிடைத்து அமெரிக்கத் தூதர் லியோன் புல்லாடா வந்து பார்த்தார். அவரிடம் கட்டிடத்தின் சாவி இல்லை. ஏற்பாடு செய்வதற்காகக் கிளம்பிப் போனார். விடிவதற்குள் வீரர்கள் ஒலிம்பியோவைக் கண்டுபிடித்து வெளியே இழுத்து வந்தார்கள். காலையில் தூதரக வாசலுக்கு அருகில் அவருடைய உடல் கிடந்தது. வயது 60. கடைசியில் சொந்த நாட்டில்கூட இல்லாமல், எல்லைக்கு அந்தப் பக்கம் பெனினில் உள்ள அகூவே என்ற ஊரில் அடக்கம் செய்யப்பட்டார்.

சுட்டது தான்தான் என்று எயாதேமா வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். பின்னாளில் அதை மறுத்தார். காலனி ஆட்சி முடிந்த மேற்கு ஆப்பிரிக்காவில் வெற்றி பெற்ற முதல் ராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு இதுதான்.

அப்போ, பிரான்ஸ்தான் காரணமா?

சந்தேகப்பட இடம் இருக்கிறது. நாணயத் திட்டம் பிரான்ஸுக்குப் பிடிக்கவில்லை. கொலைக்குப் பிறகு அதிபரானவர் பிரான்ஸின் பழைய ஆளான குருனிட்ஸ்கி. அப்போது டோகோவில் இருந்த பிரெஞ்சு ராணுவ ஆலோசகர்களின் பங்கு பற்றி ஒலிம்பியோ குடும்பம் தொடர்ந்து கேள்வி எழுப்பி வருகிறது. பிரான்ஸ் இப்படிச் செய்யுமா என்று கேட்டால், கினியா ஒரு உதாரணம். 1958இல் பிரான்ஸை உதறிய கினியா, 1960இல் சொந்த நாணயம் வெளியிட்டது. அதன் பொருளாதாரத்தைச் சீர்குலைக்க பிரெஞ்சு உளவுத்துறை வேலை செய்தது பின்னாளில் வெளியே வந்தது.

அதே நேரத்தில் மறுபக்கமும் இருக்கிறது. சொந்த நாணயம் வெளியிட்ட கினியா அதிபர் செகூ தூரே 1984இல் இறக்கும்வரை ஆட்சியில் இருந்தார். 1962இல் சொந்த நாணயம் கொண்டுவந்த மாலி அதிபர் மொதிபோ கெய்தா 1968 வரை ஆண்டார். நாணயத்தைத் தொட்டாலே மரணம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அன்று இரவு துப்பாக்கியோடு வந்தவர்களுக்கு நாணயம் ஒரு பிரச்னையே இல்லை. அவர்கள் கேட்டது வேலையும் சம்பளமும். பிரான்ஸ் பின்னால் இருந்து தூண்டியதா, தெரிந்தும் தடுக்காமல் விட்டதா என்பதை எந்த நீதிமன்றமும் விசாரித்துத் தீர்ப்புச் சொன்னதில்லை. ஆனால் வேலை இல்லாத ஆயுதக் கூட்டம், கதவடைக்கப்பட்ட அரசியல், ஆதரவு இழந்த அதிபர் ஆகிய மூன்றும் லோமேயிலேயே தயாராக இருந்தன.

அதன் பிறகு என்ன ஆனது?

ஆப்பிரிக்கா அதிர்ந்தது. பல நாடுகள் புதிய அரசை ஏற்க மறுத்தன. 1963 மே மாதம் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு தொடங்கப்பட்டபோது டோகோவுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த அமைப்பின் சாசனத்தில் 'அரசியல் கொலைகளை எல்லா வடிவிலும் கண்டிக்கிறோம்' என்ற பொருளில் ஒரு கொள்கை சேர்க்கப்பட்டது. ஒலிம்பியோவின் ரத்தம் காயாத நேரத்தில் எழுதப்பட்ட வரி அது.

ஆனால் காகிதத்தில் எழுதியது நிற்கவில்லை. அதே 1963 அக்டோபரில் பக்கத்து தஹோமேயில், அதாவது இன்றைய பெனினில், ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1966 ஜனவரியில் நைஜீரியப் பிரதமர் தஃபாவா பலேவா கொல்லப்பட்டார். அடுத்த மாதம் கானாவில் என்குருமா வீழ்ந்தார். ஒரு சிறு படை ஓர் இரவில் ஒரு நாட்டைப் பிடித்துவிட முடியும் என்பதை டோகோ காட்டிவிட்டது.

டோகோவில் வீரர்கள் கேட்டது கிடைத்தது. ராணுவத்தில் சேர்க்கப்பட்டார்கள், ராணுவம் பெருத்தது. சரியாக 4 ஆண்டுகள் கழித்து, 1967 ஜனவரி 13ஆம் தேதி, எயாதேமா குருனிட்ஸ்கியையும் கவிழ்த்தார். அந்த ஏப்ரலில் அதிபரானார். ஜனவரி 13, 'விடுதலை நாள்' என்ற பெயரில் அரசு விழாவாகக் கொண்டாடப்பட்டது. ஒலிம்பியோ குடும்பத்துக்கு நினைவு நாள், அரசுக்குத் திருவிழா!

ஒலிம்பியோவின் மகன் கில்கிறிஸ்ட் பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தபடி எதிர்க்கட்சியை நடத்தினார். 1992 மே மாதம் வடக்கில் சூது என்ற இடத்தில் அவர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. படுகாயத்தோடு தப்பினார். 2005 பிப்ரவரியில் எயாதேமா இறந்ததும் ராணுவமே அவர் மகன் ஃபோரை நாற்காலியில் உட்கார வைத்தது. உலக நாடுகளின் அழுத்தத்தால் அவர் இறங்கி, ஏப்ரலில் தேர்தலில் நின்று ஜெயித்தார். அந்தத் தேர்தல் வன்முறையில் 400 முதல் 500 பேர் இறந்ததாக ஐ.நா. விசாரணைக் குழு மதிப்பிட்டது. 2010இல் கில்கிறிஸ்ட் ஒலிம்பியோவின் கட்சி அதே அரசோடு ஒப்பந்தம் செய்து அமைச்சரவையில் சேர்ந்தது. ஆதரவாளர்கள் பலரால் அதை ஜீரணிக்க முடியவில்லை, கட்சி உடைந்தது.

இப்போது ஏன் பேசப்படுகிறது?

இரண்டு காரணங்கள்.

முதலாவது, டோகோவின் புதிய அரசியல் சட்டம். 2024இல் நாடாளுமன்றமே அதை நிறைவேற்றியது, மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லை. அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை போய்விட்டது. அந்த ஏப்ரலில் நடந்த தேர்தலில் ஆளும் கட்சி 113 இடங்களில் 108ஐப் பிடித்தது. 2025 ஜூனில் லோமே இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். போராட்டத்தில் குறைந்தது 7 பேர் இறந்ததாக அந்நாட்டு சிவில் சமூக அமைப்புகள் கூறின.

இரண்டாவது, சுற்றுவட்டாரத்தில் வீசும் காற்று. மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய நாடுகளில் 2020க்குப் பிறகு ராணுவம் ஆட்சிக்கு வந்தது. பிரெஞ்சுப் படைகள் வெளியேற்றப்பட்டன. 2025 ஜனவரியில் மூன்று நாடுகளும் மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பான எகோவாஸிலிருந்து வெளியேறின. சிஎஃப்ஏ பிராங்க்கைக் கைவிட வேண்டும் என்ற குரலும் அங்கே பலமாக ஒலிக்கிறது. அந்தக் குரலுக்கு ஒரு தியாகி தேவைப்படுகிறார். ஒலிம்பியோ கச்சிதமாகப் பொருந்துகிறார்.

ஆனால் அவர் படத்தைப் போட்டு ராணுவத் தலைவர்களுக்குக் கைதட்டும் வீடியோக்கள் ஒரு விஷயத்தை மறைத்துவிடுகின்றன. பிரான்ஸின் பங்கு என்னவாக இருந்தாலும், ஒலிம்பியோவைச் சுட்டவர்கள் அவர் நாட்டு ராணுவச் சீருடையைக் கேட்டு வந்தவர்கள். அவர்களை அசைக்க அதன் பிறகு எந்தத் தேர்தலாலும் முடியவில்லை. 1958இல் டோகோ மக்கள் ஒரு வாக்குச்சீட்டால் அரசை மாற்றினார்கள். அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளில் அங்கே ஒருமுறைகூட ஆளுங்கட்சி தேர்தலில் தோற்று, இன்னொருவர் கைக்கு ஆட்சி போனதில்லை.